சேற்றுவாயன் வகையறா

அலுவலகத்தில் அவளை மீனக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது சேற்றுவாயனுக்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் அவளுக்கும் மற்றவர்களைப் போல ஒரு பெயர் இருந்தது. கணினி விளையாட்டில் வருகிற உருவங்களை நடக்கவும் குதிக்கவும் சாகவும் வைப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக ஒரே நாற்காலி. குதிரையை ஓட வைத்தாள், கொடியைப் பறக்க வைத்தாள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சேற்றுவாயனைச் செய்தாள், பேர் ஒட்டிக்கொண்டது.

சேற்றுவாயன் ஒரு மீன். ஆனால் முழு மீனும் இல்லை. பானை வயிறு, இரண்டு குட்டைக் கை, இமை இல்லாத கண், காது இருக்கவேண்டிய இடம் வரை கிழிந்த வாய், வாயோரம் ஈரக் கயிறு மாதிரி மீசை. வாளும் மந்திரமுமாகப் போகிற அந்த விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் ஒரு சதுப்பு நிலம் வரும். ஆடுகிறவர் அதைத் தாண்டும்போது சேற்றுவாயன் காலடியிலிருந்து எழுந்து வாயைப் பிளக்கும். அவர் நாலு வெட்டு வெட்டுவார். அது செத்து ஒரு செதிலைப் போடும். மூன்று செதில் சேர்ந்தால் ஒரு ஜோடி செருப்பு. நாற்பது விநாடியில் அதே சேற்றிலிருந்து மறுபடி எழுந்துவிடும். அடுத்து வருகிறவருக்கும் செருப்பு வேண்டும் அல்லவா?

இப்படி ஊரார் செருப்புக்காகச் சாகிற ஒரு ஜீவனுக்கு மீனக்கா எட்டு மாதம் மாடாக உழைத்தாள். செத்த பிறகும் செவுள் மூன்று தரம் துடிக்க வேண்டும், மூன்றாவது துடிப்பு மற்ற இரண்டையும்விடச் சின்னதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அதை ஒருவரும் கவனிக்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும். ஊரில் இருந்த அப்பா மட்டும் கவனித்தார். தங்கச்சி செல்போனில் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இது சும்மா சாகலயே, நிஜமாவே போகுதே" என்றாராம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மீனக்கா ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள்.

வில்லங்கம் ஆண்டு விழாவில் ஆரம்பித்தது.

நிறுவனத்தின் தலைவர் தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் சொல்வார். மேடையில் ஏறி, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "இங்க முதலாளியும் கிடையாது, தொழிலாளியும் கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பம். நீங்க உருவாக்கின ஒவ்வொரு ஜீவனும், அது பல்லியா இருக்கட்டும் பூதமா இருக்கட்டும், உங்க குடும்பம். இந்தக் குடும்பத்துல இருந்து ஒருத்தரைக்கூட நான் வெளிய அனுப்பினது இல்ல" என்றார். முந்தின வாரம்தான் பதினேழு பேரை அனுப்பியிருந்தார். அவர்கள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்பது இதிலிருந்து விளங்கியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இத்தோடு விட்டிருந்தால் பேச்சு காற்றோடு போயிருக்கும். மனிதவளத் துறை அதிகாரி விடுகிற ஆள் இல்லை. அவருக்குச் சுற்றறிக்கையார் என்று பெயர். தலைவர் தும்மினால்கூட அதற்கு எண் போட்டுத் தேதி போட்டு நகல் எடுத்து ஒட்டிவிடுவார். காலையில் படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று தலைவர் யாரிடமோ சொல்லப்போக, மூன்று மாதம் லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டு வைத்தவர் அவர். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் அந்த மூன்று மாதமும் நாலு மாடியை உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினாள். அவளுக்கு உடற்பயிற்சிப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தாம் உருவாக்கிய ஜீவனைக் குடும்ப விவரப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் கட்டாயம். மீனக்காவின் பதிவேட்டில் அதுவரை அப்பா, தங்கச்சி என்று இரண்டே வரி இருந்தது. மூன்றாவது வரியில் சேற்றுவாயன் ஏறியது. காது தெரிகிற மாதிரி படம் வேண்டும் என்று ஒருதரம் திருப்பி அனுப்பினார்கள். காதே கிடையாது என்று அவள் எழுதிக் கொடுத்த பிறகு, ஊனமுற்றோர் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

மீனக்கா இதை ஒரு கூத்து என்று நினைத்துச் சிரித்தாள். சிரிப்பு நாலு நாள்கூடத் தாங்கவில்லை.

குடும்பத்தில் சாவு விழுந்தால் ஒரு நாள் விடுப்பு, வருடத்துக்கு மொத்தம் ஏழு என்பது நிறுவனத்தின் விதி. இரண்டாம் மாடியில் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிற பிரிவு இருந்தது. சேற்றுவாயன் பொறுப்பு அங்கே ஒரு சாதுவான மனிதரிடம். செதில் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதற்காக அவர் அதை ஒரு நாளைக்கு நூறு தரம் வெட்டிக் கொல்வார். அதனால் அவருக்குக் கொலைகாரர் என்று பெயர். பதிவேட்டையும் சோதனைக் கணினியையும் ஒரு திங்கட்கிழமை காலை இணைத்தார்கள். பத்து மணிக்குக் கொலைகாரர் வேலையை ஆரம்பித்தார். பத்தரைக்குள் ஏழு சாவு விழுந்தது. மீனக்கா நாற்காலியை விட்டு எழாமலே அந்த வருடத்துத் துக்க விடுப்பு முழுவதையும் அனுபவித்து முடித்திருந்தாள். உடல்நலக் குறைவுக்கான விடுப்பும் அன்றைக்கே தீர்ந்தது. குடும்பத்தில் யாருக்காவது உயிர்சக்தி, அதாவது நூற்றுக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று விளையாட்டுத் திரையில் ஓடுகிற கணக்கு, பாதிக்குக் கீழே போனால் அந்த விடுப்பு. வெட்டுப்படுகிற மீனுக்கு உயிர்சக்தி எங்கே நிற்கும்?

அப்புறம் வெள்ளிதோறும் மூன்று மணிக்கு இரங்கல் கூட்டம். ஜீவன்களைச் செய்தவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். அந்த வாரத்துச் சாவு எண்ணிக்கையைச் சுற்றறிக்கையார் வாசிப்பார். ஒரு நிமிடம் மௌனம். பிறகு கொலைகாரர் வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து வருத்தம் தெரிவிப்பார். முதல் வாரம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. நாலாவது வாரம் பழகிவிட்டது. ஆறாவது வாரம் நிஜமாகவே அழுதார். அதைப் பாராட்டி அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நெருப்புப் பல்லியைச் செய்தவர் வாரம் தவறாமல் தேம்பித் தேம்பி அழுது பதவி உயர்வு வாங்கினார். மீனக்காவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. முடிக்காத வேலை மேஜையில் கிடக்கிறதே என்று அவள் மனம் அங்கேயே நிற்கும். அழாதவர்கள் பட்டியல் ஒன்று இருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அப்பா விழுந்தது ஒரு திங்கட்கிழமை. தங்கச்சி போனில், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, நாலைந்து நாள்தான் என்று டாக்டர் சொல்கிறார், நினைவு இருக்கும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்கிறார் என்றாள். ஊர் ஏழு மணி நேரப் பஸ் பயணம். மீனக்கா நாலு நாள் விடுப்புக்கு எழுதிப் போட்டாள்.

தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது.

நேரே போய் அழாக்குறையாகக் கேட்டாள். சுற்றறிக்கையார் பொறுமையாக விளக்கினார். சிறப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அப்பாவின் உயிர்சக்தி நூற்றுக்கு எத்தனை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரவேண்டும். தங்கச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் 'மிக மோசம்' என்று எழுதிக் கொடுத்தார். எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கெஞ்சினாள். டாக்டர் எரிச்சலில் இருபது என்று கிறுக்கித் தந்தார். இருபது என்றால் சேற்றுவாயனுக்கே சாக இன்னும் ஒரு வெட்டு பாக்கி இருக்குமே, அவசரம் ஒன்றும் தெரியவில்லையே என்று சுற்றறிக்கையார் தாடையைத் தடவினார். இதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடலாமா என்று மீனக்கா இரண்டு தரம் பையை எடுத்தாள். அனுமதியில்லாமல் போகிறவர் குடும்பத்திலிருந்து விலகியவராகக் கருதப்படுவார் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அப்பாவின் மருந்தும் தங்கச்சி வீட்டு அடுப்பும் அவள் சம்பளத்தில்தான் ஓடின. இரண்டு தரமும் பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விடுப்பு விஷயமாகத்தான் என்று நம்பிப் போனாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: சுற்றறிக்கையார், சட்ட ஆலோசகர், மனநல ஆலோசகர் அம்மாள். இந்தப் பக்கம் ஒரே நாற்காலி. அலைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள்.

சட்ட ஆலோசகர் கோப்பைத் திறந்தார்.

"ஒரு காலாண்டுல உங்க குடும்பத்துல ஆறாயிரத்து நானூத்தி பன்னெண்டு சாவு. யுத்தம் நடக்கிற ஊர்லகூட ஒரே வீட்டுல இவ்வளவு விழாது. இதை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"எல்லாம் ஒரே மீன்தாங்க" என்றாள் மீனக்கா.

"அப்ப ஒரே ஆளைத் திரும்பத் திரும்பச் சாகவிட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க. இது இன்னும் மோசம். எழுதிக்குங்க."

சுற்றறிக்கையார் எழுதிக்கொண்டார். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதை மீனக்கா எடுத்துச் சொன்னாள். அதற்குத்தான் வருகிறோம் என்றார்கள். மனநல ஆலோசகர் அம்மாள் மிகவும் கனிவான குரல் உடையவர். அவர் பேசினால் கேட்கிறவருக்குத் தாம் ஏற்கெனவே தப்புச் செய்துவிட்டதாகத் தோன்றும்.

"பதிமூணு கூட்டத்துல நீங்க ஒண்ணுலகூட அழல. நான் உங்களைக் குத்தம் சொல்லலம்மா. சில பேருக்கு மனசு இருக்காது, அது ஒரு நிலைமை. ஆனா துக்கப்படத் தெரியாத ஒருத்தருக்குத் துக்க லீவு குடுத்தா, அது அவங்களுக்கு நாம செய்யற கெடுதல் இல்லையா? அங்க போய் என்ன பண்றதுன்னு தெரியாம நிப்பீங்க."

மீனக்காவுக்கு அப்போது அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டார். காலம் கடந்து வந்ததால் கணக்கில் சேராது என்றும் சொன்னார்.

சுற்றறிக்கையார் பேனாவை மூடி வைத்துவிட்டு நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நினைக்காதீங்க. எங்க அப்பா போன அன்னிக்கு நானும் இதே மாடியிலதான் இருந்தேன். காலைல ஒன்பது மணிக்குத் தகவல் வந்துது. அன்னிக்கு ரெண்டு சுற்றறிக்கை பாக்கி. முடிச்சுட்டுத்தான் போனேன். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பாரு. சரியாச் சொல்லணும்னா, அவர் என்ன விரும்பினாருன்னு கேக்கற அளவுக்கு எங்களுக்குள்ள பழக்கம் இல்ல. இந்த நிறுவனம்தான் எனக்கு அப்பா. அது ஒருநாளும் சாகாது. அதனால எனக்கு லீவே தேவைப்படல."

மற்ற இருவரும் தலை குனிந்தார்கள். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த அலைபேசி அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. எடுக்கலாமா என்று மீனக்கா கண்ணால் கேட்டாள். மூன்று பேரும் தங்களுக்குள் கலந்துபேசி, பெருந்தன்மையாக அனுமதித்தார்கள்.

தங்கச்சி குரல் கரகரவென்று வந்தது. "அக்கா, அப்பா போயிட்டாருக்கா. நாலு மணிக்கு எடுக்கறோம். அதுக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னு சொல்றாங்க."

மீனக்கா அதை அப்படியே அவர்களிடம் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று முகங்களிலும் நிம்மதி படர்ந்தது. சுற்றறிக்கையார், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா விசாரணையே வேண்டியதில்ல. நோய்னாதான் சிக்கல். சாவு சுலபம்" என்றார். மூவரும் எழுந்து நின்றார்கள். ஒரு நிமிட மௌனம். பதிமூன்று வாரப் பயிற்சி, ஒரு விநாடி முன்பின் ஆகாமல் உட்கார்ந்தார்கள். ஏழு தீர்ந்திருந்தாலும் ரத்த சொந்தத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு என்று ஒரு படிவம் வெளியே வந்தது. மீனக்கா நிரப்பிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'மறைந்தவர் திரும்ப எழும் நேரம்' என்று அச்சடித்து, பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டமும் 'விநாடி' என்ற சொல்லும் இருந்தன.

"இதை விட்டுடலாங்களா?"

"விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அவர் திரும்ப வரமாட்டாருங்க."

"அப்படியெல்லாம் உறுதியாச் சொல்லி எழுத்துல மாட்டிக்காதீங்க" என்றார் சட்ட ஆலோசகர். நம்பிக்கையை மட்டும் கைவிடக் கூடாது என்று அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு கட்டத்தில் எழுதக்கூடிய பெரிய எண்ணை மீனக்கா எழுதினாள். தொண்ணூற்றொன்பது. சுற்றறிக்கையார் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தனி ஏற்பாட்டில் மறைந்தவர் திரும்புகிற வரைக்கும்தான் விடுப்பு என்பது விதி. ஆகவே தொண்ணூற்றொன்பது விநாடி. இந்த ஏற்பாட்டில் இதுவரை யாருக்கும் இவ்வளவு நீளமான துக்க விடுப்பு கிடைத்ததில்லை, விளையாட்டில் வருகிற மலைப்பூதம் திரும்ப எழவே அறுபதுதான் என்று சொல்லி, கையெழுத்து விழுந்த கணத்திலிருந்து கணக்கு ஓடுவதால் சீக்கிரம் கிளம்பும்படி அன்போடு சொன்னார்.

மீனக்கா ஓடினாள். லிஃப்டு ஆறாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. படியில் ஓடினாள். கீழ்வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் நகர்கிற தடுப்புக் கம்பி உண்டு. அட்டையைக் காட்டினாள். கம்பி நகரவில்லை. பக்கத்துத் திரையில் 'வருக, வருக, மீண்டும் பணிக்கு வந்தமைக்கு நன்றி' என்று ஓடியது.

"லீவு முடிஞ்சிருச்சேம்மா" என்றார் காவல்காரர். நல்ல மனிதர். அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் கம்பி அவள் இடுப்பளவுதான் இருந்தது. ஒன்பது வருடமாகத் தினம் இரண்டு தரம் அதன்முன் நின்றிருக்கிறாள். உயரத்தை இன்றைக்குத்தான் பார்த்தாள். காவல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மீனக்கா பையை முதலில் போட்டுவிட்டுக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். அவ்வளவுதான். ஒரு மணியும் அடிக்கவில்லை, ஒருவரும் துரத்தவில்லை. திங்கட்கிழமையே இதைத் தாண்டியிருக்கலாம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. எடுத்தாகிவிட்டது. தங்கச்சி வாளியும் துடைப்பமுமாக முன்னறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தாள், கழுவுவதை நிறுத்தவில்லை.

"புதன்கிழமை வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. லீவு கேட்டிருக்கான்னு சொன்னேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டாரு" என்றாள். அதற்குமேல் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அலுவலகத்தில் காரியம் தன்பாட்டில் நடந்தது. குறித்த விநாடிக்குள் எழுந்து வராத உருவத்துக்குக் கணினியில் ஒரே வார்த்தைதான் உண்டு: 'நிரந்தர மரணம்'. தொண்ணூற்றொன்பது விநாடி கழிந்தும் நாற்காலிக்குத் திரும்பாத மீனக்காவின் பெயருக்கு எதிரே அது விழுந்தது. மறுநாள் வெள்ளி, மூன்று மணிக்கு அவளுக்கு இரங்கல் கூட்டம். நெருப்புப் பல்லிக்காரர் மயங்கி விழுந்தார். தலைவரே வந்து, வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிரைக் கொடுத்தவள் என்று தழுதழுத்தார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவது இந்தக் குடும்பத்தின் கடமை என்றும் சொல்லிவிட்டார். சுற்றறிக்கையார் பதிவேட்டைப் பார்த்தார். அப்பா காலமாகிவிட்டார். தங்கச்சியின் வரியில் புகைப்படம் இல்லை. மூன்றாவது வாரிசுக்கு எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருந்தது, ஊனமுற்றோர் முன்னுரிமையும் சேர்ந்தது.

பணி நியமன ஆணையின் நகல் ஐந்தாம் நாள் தபாலில் வந்தது. மேல் மூலையில் சேற்றுவாயன் படம், வாயைப் பிளந்துகொண்டு. இன்ன நாற்காலி, இன்ன மேஜை, திங்கள் முதல். இரங்கல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் இணைப்பாக வைத்திருந்தார்கள்.

மீனக்கா படித்துவிட்டுக் கீழே வைத்ததைத் தங்கச்சி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். நியமன ஆணையை ஒதுக்கிவிட்டுக் குறிப்பை மட்டும் ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தாள். இரண்டாம் தரமும் படித்தாள். பிறகு ஐந்து நாள் கழித்து முதல்தரமாக அக்காவிடம் பேசினாள்.

"உனக்கு நூத்தி நாப்பது பேர் எழுந்து நின்னிருக்காங்க. அப்பாவைத் தூக்க மூணு பேர்தான் கிடைச்சாங்க. நாலாவது தோள் நான் குடுத்தேன்."

ஆணையின் அடியில் ஒப்புதலுக்காக ஒரு கோடு போட்டு, அதன்கீழ் 'இறந்தவரின் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது. மீனக்கா எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து வந்து, அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டாள்.